ஜாகுவார் ஈ-டைப்பின் பூர்வீகம்: எண்ணில் தொடங்கித் தேடுவது எப்படி

பழைய காரில் எது சுலபமாக மாற்றக்கூடியதோ, அதுதான் முதலில் கண்ணில் படும். பளபளக்கும் பெயின்ட், நம்பர் பிளேட், நாலு ரிவெட்டில் நிற்கும் அலுமினியத் தகடு, எல்லாமே ஒரு மதிய நேரத்தில் மாற்றிவிடக்கூடியவை. காரின் வரலாற்றைத் தேடுபவர் எதிர்த்திசையில் போக வேண்டும். மாற்றக் கடினமானதில் தொடங்கி, காகிதத்தைத் தொட்டு, கடைசியாகத்தான் பெயின்டுக்கு வர வேண்டும்.

இந்தத் தேடலைப் பழகிக்கொள்ள, ஜாகுவார் ஈ-டைப் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நல்லது. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமாகி 1974 வரை 72,000-க்கும் மேல் தயாரானது. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க ஏராளமான கார்கள் இன்றும் உண்டு. ஒவ்வொரு காருக்கும் நான்கு தனி எண்கள். அந்த எண்களைக் குறித்துவைத்த ஆலைப் பேரேடுகளும் அழியாமல் இருக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்து வாய்த்த அபூர்வ கார்கள் மிகக் குறைவு.

முதல் படி: பத்தடி தூரத்தில் நின்று பாருங்கள்

பானட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே கார் எந்தத் தொடரைச் சேர்ந்தது என்று ஊகித்துவிடலாம். ஹெட்லைட் மேல் கண்ணாடி மூடி, முன்னால் காற்று நுழையும் சின்ன வாய், பம்பருக்கு மேலே மெல்லிய பின்விளக்கு என்றால் முதல் தொடர். வாய் பெரிதாகி, பெரிய பின்விளக்கு பம்பருக்குக் கீழே இறங்கியிருந்தால் 1968 கடைசியில் வந்த இரண்டாம் தொடர். வாயில் கிரில், சக்கரத்தின் மேல் புடைத்த வளைவு இருந்தால் 1971-இல் வந்த மூன்றாம் தொடர். அதில் 5,343 சிசி வி12 எஞ்சின். அதற்கு முந்தியவை எல்லாம் வரிசை ஆறு சிலிண்டர்: முதலில் 3,781 சிசி, 1964 அக்டோபருக்குப் பிறகு 4,235 சிசி.

சிக்கல் நடுவில் இருக்கிறது. 1967–68-இல் முதல் தொடர் உடம்பிலேயே ஹெட்லைட் கண்ணாடியை எடுத்துவிட்டு ஒரு தொகுதி கார்கள் வந்தன. இவற்றை ஆர்வலர்கள் ‘ஒன்றரைத் தொடர்’ என்பார்கள். 1968-க்காக அமெரிக்காவுக்குப் போன கார்களில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்காக மூன்று எஸ்யூ கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு ஸ்ட்ராம்பர்க் பொருத்தினார்கள். கண்ணாடி மூடிய கார்களுக்கு விலை அதிகம் என்பதால், பலர் இந்தக் கார்களைப் பின்னோக்கி மாற்றியிருக்கிறார்கள். மூடியும் மூன்று எஸ்யூவும் இருக்கிறது, ஆனால் டாஷ்போர்டில் டாகிள் சுவிட்சுக்குப் பதில் தட்டையான ராக்கர் சுவிட்ச் இருக்கிறது என்றால், சந்தேகத்தோடு எண்ணுக்குப் போங்கள்.

மிக ஆரம்பக் கார்களில் தேட வேண்டிய அடையாளம் வேறு. முதல் 500 கார்களில் பானட்டை வெளியிலிருந்து டி வடிவச் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். தரையும் 1962 தொடக்கம்வரை தட்டையாகவே இருந்தது. குதிகால் பள்ளம் பிறகுதான் வந்தது. தட்டைத்தரைக் கார் என்றாலே விலை ஏறும், ஏறும் இடத்தில் வெல்டிங்கும் நடக்கும். ஆகவே தரையை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: நான்கு எண்களையும் எடுங்கள்

கையில் இருக்க வேண்டியவை: டார்ச், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி, மென்மையான பிரஷ், மண்ணெண்ணெய் நனைத்த துணி, மெல்லிய வெள்ளைத்தாள், 2பி பென்சில். நம் ஊரில் வண்டி பெயர் மாற்றும்போது சேசிஸ் எண்ணுக்குப் பென்சில் அச்சு எடுப்பார்களே, அதே வேலைதான். போட்டோவில் வெளிச்சம் ஏமாற்றும். பென்சில் அச்சில் இலக்கத்தின் வடிவமும் ஆழமும் அப்படியே வரும். போட்டோவும் எடுங்கள், அச்சும் எடுங்கள். உப்புத்தாள், கம்பி பிரஷ் இரண்டும் கூடாது. எண்ணைச் சுற்றியுள்ள பழைய பெயின்ட் அடுக்கே ஒரு சாட்சி, அதைத் தேய்த்துவிட்டால் திரும்ப வராது. உரிமையாளர் அனுமதி இல்லாமல் எதையும் தொடவும் வேண்டாம்.

வலது, இடது என்று சொல்வதெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு. காரின் முன்னால் நின்றுகொண்டு வலப்பக்கம் தேடி, ‘எண்ணே இல்லை’ என்று திரும்பியவர்கள் நிறைய.

சேசிஸ் எண், முன்பக்கக் குழாய்ச் சட்டத்தின் குறுக்குப் பகுதியில், வலப்பக்கம், ஷாக் அப்சார்பர் பொருத்துமிடத்துக்கு மேலே அடிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் எண், ஆறு சிலிண்டர் கார்களில், இரண்டு இடத்தில்: பிளாக்கின் வலப்பக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேலே, அதே எண் சிலிண்டர் ஹெட்டின் முன்பகுதியிலும். கியர்பாக்ஸ் எண், பெட்டியின் இடது பின்மூலையில் உள்ள தோளிலும் மேல்மூடியிலும் இருக்கும். இதற்குத்தான் கண்ணாடி வேண்டும். உடல் எண் பானட்டுக்குள் பின்சுவரின் வலப்பக்கம் சின்னத் தகட்டில் இருக்கும். நான்கும் சேர்ந்து எஞ்சின் அறையில் ஒரு தகட்டிலும் இருக்கும். அந்தத் தகட்டைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்த்தால், பிளாக்கில் மங்கலாக இருக்கும் 3 உங்கள் கண்ணுக்குத் தானாகவே 8 ஆகிவிடும்.

இனி எதிரில் இருப்பது என்ன என்று பிரித்துப் படிக்கலாம். எழுத்துகள் ரோமன் எழுத்திலேயே அடிக்கப்பட்டிருக்கும் (ஈ என்பது E, ஆர் என்பது R, எஸ் என்பது S). தொடக்க எண்கள் இவை:

3.8 லிட்டர்: வலது ஸ்டியரிங் திறந்த கார் 850001, கூப்பே (நிலையான கூரை உள்ளது) 860001. இடது ஸ்டியரிங் திறந்த கார் 875001, கூப்பே 885001.

4.2 முதல் தொடர்: வலது 1ஈ1001, கூப்பே 1ஈ20001. இடது 1ஈ10001, கூப்பே 1ஈ30001. 1966-இல் வந்த நீளமான 2+2 (பின்னால் இரண்டு சின்ன இருக்கை உள்ளது) என்றால் வலது 1ஈ50001, இடது 1ஈ75001.

இரண்டாம் தொடர்: வலது 1ஆர்1001, கூப்பே 1ஆர்20001. இடது 1ஆர்7001, கூப்பே 1ஆர்25001. 2+2: 1ஆர்35001, 1ஆர்40001.

மூன்றாம் தொடர்: திறந்த கார் வலது 1எஸ்1001, இடது 1எஸ்20001. 2+2: 1எஸ்50001, 1எஸ்70001.

வெளிப்பூட்டு வைத்த அந்த 500 காரையும் இதிலேயே கணக்கிடலாம். 850091 வரை 91 கார், 860004 வரை நான்கே நான்கு, 875385 வரை 385, 885020 வரை 20. ‘வெளிப்பூட்டு வலது ஸ்டியரிங் கூப்பே’ என்று யாராவது விற்க வந்தால், உலகத்தில் அது நான்குதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எஞ்சின் எண்ணில் 3.8-க்கு ஆர், 4.2-க்கு 7ஈ, இரண்டாம் தொடருக்கு 7ஆர், வி12-க்கு 7எஸ் என்று தொடங்கும். கடைசியில் கோடு போட்டு 8 அல்லது 9 இருந்தால், அது அழுத்த விகிதம் 8:1 அல்லது 9:1 என்று பொருள். அதை எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள். பலர் விட்டுவிட்டு, பிறகு பேரேட்டோடு பொருந்தவில்லை என்று குழம்புவார்கள். கியர்பாக்ஸ் எண் 3.8-இல் ஈபி என்றும், 4.2-இல் ஈஜே என்றும் தொடங்கும். 3.8-இன் பழைய மாஸ் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (பற்கள் மோதாமல் கியர் விழச் செய்யும் அமைப்பு) கிடையாது. அதனால் ஓட்டுவதற்கு வசதி என்று 4.2 பெட்டியை மாட்டியவர்கள் ஏராளம். இதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை, அசல் பெட்டி எங்கே என்று மட்டும் கேளுங்கள். பல வீடுகளில் அது ஷெட்டின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும்.

எண் ஏன் பொய் சொல்கிறது

ஈ-டைப்பின் நடு உடம்பு எஃகுத் தகட்டு மோனோகாக், அதாவது தனிச் சட்டம் இல்லாமல் உடம்பே பாரம் தாங்கும் அமைப்பு. அதன் முன்னால் எஃகுக் குழாயில் செய்த சட்டங்களை போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். குழாய்கள் உள்ளே ஈரம் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே தட்டிப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். முன்புறம் லேசாக மோதினாலும் முன்சட்டம் வளையும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம், புதுச் சட்டம். சேசிஸ் எண் அடித்திருப்பதோ அந்த முன்சட்டத்தில்தான்! அதாவது காரின் சட்டப்பூர்வ அடையாளம், அடிக்கடி மாற்றப்படும் ஒரு பாகத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மறுபடி அடித்த எண் என்றாலே திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய சட்டத்தின் வெட்டிய துண்டு, வேலை செய்த பட்டறையின் பில், வேலைக்கு முந்தைய போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றாவது இருந்தால் விஷயம் தெளிவு. எதுவும் இல்லை, ஆனால் சட்டம் மட்டும் புதுசு என்றால் உடல் எண்ணின் பக்கம் போங்கள்.

எஞ்சினில் கதை வேறு. பிளாக்கில் எண் அடிக்கும் இடத்தைத் தேய்த்து மறுபடி அடித்தால், எந்திரத்தில் சீவிய பழைய கோடுகள் அங்கே மட்டும் காணாமல் போயிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் தெரியும். எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கி இருப்பது கோளாறு அல்ல, ஆலையிலும் கையால்தான் அடித்தார்கள். சரியான ஒப்பீடு, அதே மாதத்தில் தயாரான பக்கத்து எண் காரின் போட்டோவோடு இலக்க வடிவத்தை வைத்துப் பார்ப்பதுதான். 4-இன் கால், 7-இன் தலை, 1-இன் அடிக்கோடு, இவை மூன்றும் வேற்று அச்சைக் காட்டிக்கொடுக்கும். பிளாக்கும் ஹெட்டும் வேறு எண் காட்டினால் ஹெட் மாறியிருக்கும். அலுமினிய ஹெட் அரிப்பில் போவது சகஜம், அதில் அதிர்ச்சி வேண்டாம்.

அந்த நான்கு எண்களைத் தவிர வேறு சாட்சிகளும் உண்டு. லூகாஸ் மின் பாகங்களில் (டைனமோ, ஸ்டார்ட்டர், வைப்பர் மோட்டார்) மாதமும் வருடமும் அடித்திருக்கும். 1962 ஏப்ரலில் தயாரான காரில் ‘3 62’ என்ற டைனமோ இருந்தால் மகிழ்ச்சி, ‘9 65’ இருந்தால் பின்னால் மாற்றியது. டிரிப்ளெக்ஸ் கண்ணாடியில் முத்திரை எழுத்துகளின் மேலும் கீழும் வைத்த புள்ளிகள் வருடத்தையும் காலாண்டையும் சொல்லும். அசல் பெயின்டுக்கு டாஷ்போர்டின் அடிப்பக்கம், கதவு அட்டைக்குப் பின்புறம், டிக்கியில் பெட்ரோல் டேங்கைச் சுற்றிய மூலைகள் ஆகிய இடங்களைப் பாருங்கள். ஸ்ப்ரே துப்பாக்கி எட்டாத இடம்தான் உண்மை பேசும்.

மூன்றாம் படி: ஆலைப் பேரேட்டில் கேளுங்கள்

ஜாகுவாரின் பழைய தயாரிப்புப் பதிவுகள் இங்கிலாந்தின் கேடனில், ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்டிடம் உள்ளன. கட்டணம் கட்டினால், ஆலைப் பேரேட்டில் உள்ளபடி சான்றிதழ் தருவார்கள்: நான்கு எண்கள், வெளி நிறம், உள் நிறம், திறந்த கார் என்றால் ஹுட் (துணிக் கூரை) நிறம், தயாரான தேதி, அனுப்பிய தேதி, எந்த விநியோகஸ்தருக்குப் போனது, பதிவில் இருந்தால் முதல் உரிமையாளரும் முதல் பதிவு எண்ணும். கார் உங்களுடையது என்பதற்கான ஆவணம் கேட்பார்கள். வெறும் ஆர்வலர் என்றால் உரிமையாளரைக் கொண்டுதான் விண்ணப்பிக்க முடியும்.

இந்தச் சான்றிதழை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆலைக் கதவைத் தாண்டும்வரை கார் எப்படி இருந்தது என்பதுதான் அதில் இருக்கிறது. உங்கள் முன்னால் நிற்கும் கார் அதுதான் என்று அந்தத் தாள் எங்கும் சொல்லவில்லை. விற்பனை மேசையில் இந்த வேறுபாடு வசதியாக மறந்துபோகும்.

தேதிகளிலும் ஒரு குழி உண்டு. தயாரான நாள், அனுப்பிய நாள், பதிவான நாள் மூன்றும் வேறு வேறு. 1962 டிசம்பரில் தயாரான கார் 1963-இல் பதிவாகியிருக்கலாம். அமெரிக்காவில் விற்ற வருடத்தையே மாடல் வருடமாக எழுதிய கார்கள் உண்டு. வருடத்தில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் உடனே மோசடி என்று கொதிக்க வேண்டாம்.

நான்காம் படி: நம்பர் பிளேட்டின் தடம்

பிரிட்டனில் பழைய பதிவு எண்ணைப் படிக்கத் தெரிந்தால் ஊரே தெரிந்துவிடும். மூன்று எழுத்து இருந்தால் கடைசி இரண்டும், இரண்டே எழுத்து என்றால் அவை இரண்டும் ஊர்க் குறி. ஜெனீவாவுக்குப் போன 9600 எச்பி, 77 ஆர்டபிள்யூ இரண்டும் ஆலை இருந்த கவென்ட்ரியின் எழுத்துகள். 1961 ஏப்ரல் 15 அன்று ஓல்டன் பார்க் பந்தயத் தளத்தில் கிரஹாம் ஹில் ஓட்டி ஈ-டைப்புக்கு முதல் வெற்றி தேடித்தந்த ஈசிடி 400-இல் சிடி என்பது பிரைட்டன். ‘இந்தக் கார் பிறந்ததிலிருந்து ஸ்காட்லாந்தில்தான் இருந்தது’ என்று கதை வந்தால், முதலில் எழுத்தைப் பாருங்கள். கடைசியில் வருட எழுத்து 1963-இல் சில ஊர்களில் தொடங்கி 1965 முதல் எங்கும் கட்டாயமானது: சி என்றால் 1965, டி என்றால் 1966.

1970-களின் நடுப்பகுதிவரை பதிவு வேலை உள்ளாட்சி மன்றங்களின் கையில் இருந்தது. பிறகு ஸ்வான்சியில் உள்ள மத்திய அலுவலகத்துக்குப் போனது. 1983 முடிவதற்குள் கணினியில் ஏறாத பழைய எண்கள் பதிவேட்டிலிருந்து விழுந்தன. ஷெட்டில் தூங்கிய கார்களுக்கு எண் போனது இப்படித்தான். அந்த உள்ளாட்சிப் பேரேடுகள் சில மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும், சில டிராய்ட்விச்சில் உள்ள கிட்ஹெட் டிரஸ்டிலும் இருக்கின்றன. சில அழிந்தே போயின. ஆகவே ஊர்க் குறியைக் கண்டுபிடித்ததும், அந்த மாவட்டத்தின் பேரேடு பிழைத்திருக்கிறதா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். பிழைத்திருந்தால் அந்த ஒரு வரியில் பதிவெண், சேசிஸ் எண், முதல் உரிமையாளர் மூன்றும் ஒன்றாகக் கிடைக்க வாய்ப்புண்டு. தொலைந்த எண்ணைத் திரும்பப் பெற வி765 என்ற விண்ணப்பம் இருக்கிறது. பழைய ஆவணம் ஒன்று பதிவெண்ணையும் சேசிஸ் எண்ணையும் சேர்த்துக் காட்ட வேண்டும், அங்கீகரித்த கிளப் ஒன்றும் காரைப் பார்த்து உறுதி சொல்ல வேண்டும்.

உரிமையாளர் கையில் பழைய லாக் புக் இருந்தால் அதுதான் தங்கம். நம் ஆர்.சி. புக் மாதிரி, ஆனால் ஒவ்வொரு கைமாற்றமும் முத்திரையோடு வரிசையாக இருக்கும். வருடாந்திரச் சோதனைச் சான்றிதழ்கள் 2005-லிருந்து இணையத்திலேயே தெரியும், ஓடிய தூரத்தோடு. 2018 மே முதல் 40 வருடம் தாண்டிய கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை என்பதால், அதற்குப் பிறகு சங்கிலி அறுவது இயல்பு.

ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் நம்பரை ஒரு காரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியும். அழகான குட்டி எண்கள் இன்று புதுக் கார்களில் ஓடுகின்றன. பழைய போட்டோவில் தெரியும் நம்பரை வைத்து இன்றைய காரைப் பிடிப்பது, வீட்டு எண்ணை வைத்து ஆளைத் தேடுவது போல. முகவரி அதே, குடியிருப்பவர் வேறு.

அமெரிக்கா போய்த் திரும்பியவை

ஈ-டைப்பில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போனது. சான்றிதழில் விநியோகஸ்தர் ‘ஜாகுவார் கார்ஸ், நியூயார்க்’ என்றிருந்தால் கிழக்குக் கரை, ‘ஹார்ன்பர்க், லாஸ் ஏஞ்சலீஸ்’ என்றிருந்தால் மேற்கு. மேற்கின் வறண்ட காற்றில் தகடு பிழைக்கும், தோலும் ரப்பரும் வெயிலில் வெடிக்கும். கிழக்கில் பனிக்குச் சாலையில் போடும் உப்பு அடித்தளத்தையே தின்றுவிடும்.

1980-களின் இறுதியில் விலை ஏறியபோது நிறையக் கார்கள் பிரிட்டனுக்குத் திரும்பி வலது ஸ்டியரிங்காக மாறின. மாற்றம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் 875001, 885001, 1ஈ10001, 1ஈ30001 ஆகியவற்றில் தொடங்கும் வரிசைகளின் எண் உண்மையைச் சொல்லிவிடும். இதில் தவறில்லை, விலையில் மட்டும் அது தெரிய வேண்டும். இன்னொரு வகை: பிரிட்டனிலேயே வெளிநாட்டவர் வரியில்லாமல் வாங்கி, சில மாதம் ஓட்டி, பிறகு ஊருக்குக் கொண்டுபோனவை. இவற்றுக்கு ஒரு தற்காலிக பிரிட்டிஷ் நம்பர் இருக்கும். ‘இரண்டு முதல் பதிவு’ என்று தோன்றும் குழப்பத்துக்கு அதுதான் பல சமயம் காரணம்.

ஐந்தாம் படி: ரேஸ் கார் என்றால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள்

1963–64-இல் அலுமினிய உடம்போடு 12 ‘லைட்வெயிட்’ ஈ-டைப் மட்டுமே தயாராயின. 18 என்று திட்டமிட்டு நின்றுபோன மீதி ஆறை 2014-இல் ஜாகுவாரே செய்யத் தொடங்கியது. இவை தவிர, மற்றவர்கள் செய்த அலுமினிய நகல்கள் பல ஓடுகின்றன. துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒட்டவில்லை என்றால் அலுமினியம் என்று மட்டுமே தெரியும், அசல் என்று தெரியாது. (சாதாரண ஈ-டைப்பில் இதே காந்தம் வேறு வேலைக்கு உதவும். ஒட்டாத இடத்தில் புட்டி பூசியிருக்கிறார்கள்.)

ரேஸ் கார் மோதும், உடம்பு மாறும். அப்போது பழைய உடம்பு எங்கே போனது என்பதுதான் மையக் கேள்வி. எஸ்850662 எண்ணுள்ள லைட்வெயிட், 1964 அக்டோபரில் பிரான்சின் மான்லெரி பந்தயத்தில் பீட்டர் லிண்ட்னர் உயிரிழந்த கார். நொறுங்கிய உடம்பு குப்பைக்குப் போகவில்லை. பின்னாளில் கார் புது உடம்போடு எழுந்தது. அதற்கும் பிறகு, பழைய தகடுகளையே பல ஆயிரம் மணிநேரம் தட்டி நிமிர்த்தி மறுபடி சேர்த்தார்கள். அந்தக் காருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் பதிவு இருக்கிறது. இல்லாத காரில் என்ன ஆகும்? பழைய உடம்பை ஒருவர் வாங்கி அதைச் சுற்றி ஒரு கார் கட்டுவார், புது உடம்பும் பழைய எஞ்சினும் உள்ள கார் இன்னொருவரிடம் ஓடும். ஒரே எண்ணுக்கு இரண்டு உரிமை.

இப்படிப்பட்ட தகராறில் ஆர்வலர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது ஒரு பென்ட்லி. 1929, 1930 லெ மான்ஸ் பந்தயங்களை வென்ற ‘ஓல்ட் நம்பர் ஒன்’ பாகம் பாகமாக மாறிவிட்டது, இது அதுவே அல்ல என்று வாங்கியவர் தரப்பு வாதிட்டது. 1990-இல் லண்டன் உயர்நீதிமன்றம், இடையறாத தொடர்ச்சியோடு மாறி வந்ததால் அது மெய்யான ஓல்ட் நம்பர் ஒன்தான் என்றது. ‘அசல் நிலையில் உள்ளது’ என்று அழைக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. உங்கள் குறிப்புகளிலும் ‘மெய்யான’, ‘அசல்’ என்ற இந்த இரண்டு சொல்லையும் கலக்காதீர்கள்.

போட்டோ ஒப்பீட்டுக்கு, அதே பந்தயத்தின் இரண்டு மூன்று கோணங்களைத் தேடி எடுங்கள். பார்க்க வேண்டியது நம்பரை அல்ல: பானட்டில் ரிவெட் வரிசை, பெட்ரோல் மூடியின் இடம், குளிர்காற்றுக்கு வெட்டிய துளை, கையால் எழுதிய எண்ணின் வட்டம். பந்தயக் குழுக்கள் எல்லை தாண்டும்போது கையில் இருந்த சுங்கத்தாளுக்கு ஏற்ப பிளேட்டை மாற்றி மாட்டியதுண்டு. ஆனால் ரிவெட்டை யாரும் மாற்றி அடிக்க மாட்டார்கள்.

கோப்பு எப்படி வைப்பது

வருட வரிசையில் ஒரு தாள். ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டம்: தேதி, என்ன நடந்தது, எந்த ஆவணம் சொல்கிறது, அந்த ஆவணத்தை நீங்களே பார்த்தீர்களா அல்லது நகலா அல்லது வாய்ச்சொல்லா. இந்த நான்காவது கட்டத்தை நிரப்பாதவர் கோப்பு ஆறு மாதத்தில் வதந்தியாக மாறிவிடும். 1971 முதல் 1984 வரை எதுவும் கிடைக்கவில்லையென்றால் அந்த வரியை வெறுமையாகவே விடுங்கள். ‘அநேகமாக ஷெட்டில் இருந்தது’ என்று நிரப்பினால், அடுத்து எழுதுபவர் ‘அநேகமாக’வை வெட்டிவிடுவார். ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். 99,999-க்குப் பிறகு பூஜ்ஜியம்.

சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களை மறைக்காமல் பொதுவில் படம் போட வேண்டாம். உங்கள் நல்ல பென்சில் அச்சு, நகல் அடிப்பவருக்கு மாதிரியாகப் போய்ச் சேரும். கார் நிற்கும் ஊர், ஷெட், உரிமையாளர் பெயர் எதுவும் படத்தில் தெரியக்கூடாது. ஒரே எண்ணில் இரண்டாவது கார் கிடைத்தாலும் அறிவிக்க ஓடாதீர்கள். இரண்டு காரிலும் உடல் எண்ணையும் கியர்பாக்ஸ் எண்ணையும் அச்செடுத்து, சான்றிதழோடு ஒப்பிட்டு, இரண்டு உரிமையாளரிடமும் தனித்தனியே முதலில் பேசுங்கள்.